பாதத்தில் தோல் உரிகிறதா? முதலில் அந்த ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 34. ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை, தினமும் பத்து மணி நேரம் சேஃப்டி ஷூ. நான்கு மாதமாக இரண்டு காலிலும் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது. உள்ளங்காலில் மாவு பூத்த மாதிரி செதில். மெடிக்கலில் காட்டிக் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் போட்டிருக்கிறார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது, விட்டதும் திரும்ப வந்தது. இப்போது ஓடுவது மூன்றாவது ட்யூப். இது சேற்றுப்புண்ணா, சொரியாசிஸா, ரத்தம் கெட்டுவிட்டதா என்று கேட்கிறார். வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை, அவருக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலை வேறு. எல்லாம் எழுதிவிட்டுப் போகிற போக்கில் ஒரு வரி: வலது உள்ளங்கையிலும் லேசாக உரிகிறது, அது அட்டைப்பெட்டி தூக்குவதால் இருக்கும்.

நான் தோல் மருத்துவம் பார்ப்பவன். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியம். அட்டைப்பெட்டியை யாரும் ஒரு கையால் தூக்குவதில்லை. பெட்டி உரசித் தோல் உரிந்தால் இரண்டு கையிலும் உரிய வேண்டும். இரண்டு பாதமும் ஒரே ஒரு உள்ளங்கையும் செதில் செதிலாக இருந்தால் எங்கள் படிப்பில் அதற்கு ஒரு பழைய அடையாளப் பெயரே உண்டு: 'இரண்டு கால், ஒரு கை'. பூஞ்சைத் தொற்றில்தான் இந்தக் கணக்கு அடிக்கடி வரும். எந்தக் கையால் காலைச் சொறிகிறோமோ, உட்கார்ந்து தோலைப் பிய்க்கிறோமோ, பெரும்பாலும் அந்தக் கைக்குத்தான் போகும். கரப்பானும் (எக்ஸிமா) சொரியாசிஸும் பொதுவாக இப்படி ஒரு கையை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. உள்ளங்கை ரேகைகளுக்குள் வெள்ளையாக மாவு படிந்த மாதிரி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கையின் நகம் ஒன்றிரண்டும் மஞ்சளாகத் தடித்திருந்தால் என் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆக, நேரில் பார்க்காமல் சொல்வதானால், இது பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ரத்தம் கெட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பூஞ்சை ரத்தத்துக்குள் போவதே இல்லை. தோலின் மேலே இருக்கும் செத்த அடுக்கில் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது, நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதுதான். அதைத் தின்று அங்கேயே வாழும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டானிக்கால் அதற்கு ஒன்றும் ஆகாது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்லி யாராவது உங்களை வாட்டிக்கொண்டிருந்தால், தாராளமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு இருக்கிறது, உங்களுக்கு 34 வயது, விட்டு விட்டு வரும் பூஞ்சை. பரிசோதிக்க இந்தக் காரணம் போதும்.

சேற்றுப்புண் என்ற பெயர் கொஞ்சம் திசை திருப்பும். நாற்று நடுகிறவர்களுக்கு நாள் முழுக்கச் சேற்றில் நின்று விரலிடுக்கு வெந்துபோவதைப் பார்த்து வைத்த பெயர். அங்கே தோலைக் கெடுப்பது ஈரம். ஊறிப்போன தோலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பிறகு வந்து குடியேறுகின்றன. சேற்றையே பார்க்காத உங்கள் ஷூவுக்குள்ளும் அதே ஈரம் இருக்கிறது, வியர்வையாக. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும். கடைசி இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதால் காற்றும் போகாது. பத்து மணி நேரம் மூடிய ஷூ என்பது ஒருவகையில் ஆளுக்கொரு சொந்த வயல்.

இதில் நமக்குப் பக்கத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. பாதப் பூஞ்சையில் உலகம் முழுக்க முதலிடத்தில் இருப்பது ட்ரைக்கோஃபைட்டான் ருப்ரம். 1910ல் அதை விவரித்து எழுதியவர் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். அப்போது அவர் வேலை பார்த்தது கொழும்பில். அவர் பெயரில் கருஞ்சிவப்பாக ஒரு திரவ மருந்தும் உண்டு. விரலிடுக்கில் தடவினால் கால், பாய், போர்வை எல்லாம் சிவக்கும். இன்று அதை எழுதிக் கொடுப்பவர்கள் அரிது, ஆனால் ஈர இடுக்கை நன்றாகவே காயவைத்தது.

சரி, ட்யூப்புக்கு வருவோம். உங்களுக்கு நான்கு மாதமாக இது போகாததற்கு முக்கியக் காரணம் அந்த ட்யூப்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன், ஹாலோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அர்த்தம். கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஓஃப்ளாக்ஸசின் அல்லது நியோமைசின் மாதிரி ஒரு ஆன்டிபயாட்டிக், ஆர்னிடசோல் என்று மூன்று நான்கு பெயர்கள் வரிசையாக நிற்கும். கடைக்காரருக்கு இது சௌகரியம். எந்தத் தோல் நோயாக இருந்தாலும் அதில் ஏதாவது ஒன்று பிடிக்கும், வந்தவரும் மூன்று நாளில் சந்தோஷமாகத் திரும்பிப் போவார்.

பெயர்களில் ஒரு குழப்பத்தைக் கவனியுங்கள். க்ளோட்ரிமசோல் என்பது பூஞ்சை மருந்து. க்ளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு, அதிலும் மிக வீரியமான வகை. இரண்டும் 'க்ளோ' என்று தொடங்குவதால் மாற்றிப் படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒருவர் என் சீட்டில் க்ளோட்ரிமசோல் என்று எழுதியிருந்ததைக் காட்டி க்ளோபெட்டசால் கலவையை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஒரு மாதம் அதைத்தான் தடவியிருக்கிறார். என் கையெழுத்தும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து மருந்துப் பெயரைத் தனித்தனி எழுத்தாக எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு என்ன செய்யும்? அரிப்பும் சிவப்பும் பூஞ்சை உண்டாக்குவது இல்லை. பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு போடும் சண்டைதான் அப்படித் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சண்டை நின்றால் அரிப்பும் நிற்கும், ஆனால் பூஞ்சைக்கு எதிர்ப்பே இல்லாமல் போய்விடும், அது அமைதியாகப் படரும். ட்யூப்பை நிறுத்தியதும் உடம்பு விழித்துக்கொண்டு இரண்டு மடங்காக அரிக்கும். உடனே மறுபடி அதே ட்யூப். இப்படி ஸ்டீராய்டு போட்டுப் போட்டு, பார்த்தால் பூஞ்சை என்றே தெரியாத அளவுக்கு உருமாறிப்போவதற்கு 1968லேயே இங்கிலாந்து மருத்துவர்கள் 'மாறுவேடப் பூஞ்சை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டு உள்ள பல க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பட்டியலாக இருக்கிறது, விற்பனை விற்பனையாக நடக்கிறது.

ஆகவே அந்தக் கலவை ட்யூப்பை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாட்களில் அரிப்பு கூடும், அதை எதிர்பார்த்தே நிறுத்துங்கள். தாங்க முடியாவிட்டால் இரவில் செட்ரிசின் மாதிரி ஒரு அரிப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, இது பூஞ்சைதானா என்று உறுதி செய்வது. பாதத்தில் தோல் உரிய வைக்கும் சமாச்சாரங்கள் நிறைய, பலதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஹவாய் செருப்பின் வார் போகும் தடத்தில், பாதத்தின் மேல்பக்கம் 'வி' வடிவில் கறுத்துத் தடித்து அரித்தால் அது ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் ஒத்துக்கொள்ளாததால் வரும் அலர்ஜி. தோல் ஷூ போடுகிறவர்களுக்கு, தோல் பதனிடும் குரோமியத்தாலும் ஒட்டும் பசையாலும் இதே கதை நடக்கும். அங்கே ஒரு துப்பு உண்டு: செருப்பு அலர்ஜி பாதத்தின் மேல்பக்கத்தைத்தான் பிடிக்கும், விரலிடுக்கை விட்டுவிடும். பூஞ்சைக்கோ விரலிடுக்குதான் முதல் வாசல். சொரியாசிஸ் என்றால் உள்ளங்கால் நடுவிலோ குதிகாலிலோ எல்லை கட்டிய மாதிரி தடித்த திட்டுகள் இருக்கும். முழங்கை, முழங்கால், தலை, நகத்தில் ஊசி குத்திய மாதிரி குழிகள் என்று வேறு இடங்களில் தேடினால் சாட்சி கிடைக்கும். கோடை வந்தால் உள்ளங்கை உள்ளங்கால்களில் காற்று நிரம்பிய வட்டம் வட்டமாகத் தோல் எழும்பி, அரிப்பே இல்லாமல் உரிந்து போவதும் உண்டு. அதற்குப் பெரிதாக வைத்தியம் தேவையில்லை, ஈரப்பசை தரும் களிம்பு போதும். சவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் ஆழத்தில் தெரிந்து, பயங்கரமாக அரித்து, பிறகு உரிந்தால் அது ஒருவகைக் கரப்பான். ஆனால் பாத வளைவில் கொப்புளமாகவே வரும் பூஞ்சையும் ஒன்று இருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வதில் எனக்கே தவறு நேர்ந்திருக்கிறது.

ஷூ போடுகிறவர்களுக்கு இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷூவைக் கழற்றினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகும் அளவுக்கு நாற்றம், ஊறிய உள்ளங்காலில் குண்டூசியால் குத்தியெடுத்த மாதிரி குட்டிக் குட்டிப் பள்ளங்கள் இருந்தால் அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. தோலை அரித்துக் குழி போடும். இதற்குப் பூஞ்சை க்ரீமை மாதக்கணக்கில் தேய்த்துப் பயன் இல்லை. தடவும் ஆன்டிபயாட்டிக்கும் வியர்வையைக் குறைப்பதும் போதும், சில வாரங்களில் சரியாகிவிடும். விரலிடுக்கிலும் இப்படி ஒரு பாக்டீரியா உண்டு. பார்க்க அசல் சேற்றுப்புண் மாதிரியே இருக்கும். இருட்டறையில் ஊட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை அடித்தால் பவழ நிறத்தில் ஒளிரும். முதல் தடவை பார்க்கும் நோயாளிகள் பயந்துவிடுவார்கள், எனக்கு அது இன்னும் அழகாகத்தான் தெரிகிறது.

பூஞ்சையை உறுதி செய்யும் பரிசோதனைக்குக் கே.ஓ.எச். பரிசோதனை என்று பெயர். ரத்தம் எடுக்க வேண்டாம், வலி இல்லை. செதில் இருக்கும் ஓரத்தைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டுவோம். தவிடு மாதிரி விழும் செதில்களைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருப்போம். தோல் செல்கள் கரைந்து கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாது. நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால், செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும் செல் எல்லைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கிளை பிரிந்து ஓடும் நூல் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு வாதமே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைச் செய்வார்கள். போவதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் எந்தப் பூஞ்சை க்ரீமும் போடாமல் இருந்தால் முடிவு நம்பகமாக இருக்கும். க்ரீம் போட்டுக்கொண்டே போனால், இருக்கும் பூஞ்சைகூட இல்லை என்று வரலாம். உங்கள் கதையில் மூன்று ட்யூப் முடிந்திருப்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூஞ்சை உறுதியான பிறகு மருந்து. விரலிடுக்கில் மட்டும் இருந்தால் தடவும் மருந்தே போதும். டெர்பினாஃபின் 1 சதவீத க்ரீம் பாதப் பூஞ்சைக்கு நன்றாகக் கேட்கும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் போடச் சொல்வோம். க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் விலை குறைவு, ஆனால் பொறுமை வேண்டும்: நாளுக்கு இரண்டு வேளை, நான்கு வாரம். எதைப் போட்டாலும், ட்யூப்பில் அந்த ஒரு மருந்து மட்டும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தவரை சரியான பின்னும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அரிப்பு முதல் வாரமே நின்றுவிடும், செதிலுக்குள் பூஞ்சை மிச்சம் இருக்கும்.

தடவும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். ஒரு முழுப் பாதத்துக்கு, மேலும் கீழும் சேர்த்து, அந்த அளவில் இரண்டு. விரலிடுக்குக்கு மட்டும் என்றால் பட்டாணி அளவு தாராளம். புண் தெரியும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் தடவுங்கள், ஓரத்தில்தான் அது முன்னேறிக்கொண்டிருக்கும். முக்கியமாக, கால் காய்ந்த பிறகுதான் தடவ வேண்டும். ஈரக்காலில் போட்ட க்ரீம் பாதி துண்டோடும் மீதி செருப்போடும் போய்விடும். ஒரு வாரத்துக்கு ஒரு ட்யூப் என்று கணக்கு வைத்துத் தீட்டிக்கொண்டால் விரலிடுக்கு இன்னும் ஊறும்.

உங்களுக்கு உள்ளங்கால் முழுக்கச் செதில், உள்ளங்கையும் சேர்ந்திருக்கிறது. இந்த வகையில் தோல் தடிப்பதால் க்ரீம் உள்ளே இறங்குவது கடினம். பல சமயம் டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை சில வாரம் தேவைப்படும். நகத்துக்கும் போயிருந்தால் கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும், ஆகவே மருந்து முடிந்த பின்னும் நல்ல நகம் முழுதாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். ஈரல் பிரச்சினை இருந்தால் டெர்பினாஃபின் கூடாது. இன்னொரு மாத்திரையான இட்ராகோனசோல், இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆபத்து, கொழுப்புக்குப் போடும் சில மாத்திரைகளோடும் மோதும். மெடிக்கலில் கொடுக்கும் அந்த ஒற்றை ஃப்ளூகோனசோல் மாத்திரையால் உள்ளங்கால் பூஞ்சைக்குப் பெரிதாக எதுவும் ஆகாது.

முன்பெல்லாம் டெர்பினாஃபின் எழுதினால் கவலை இல்லை. இப்போது டெர்பினாஃபினுக்கு அசையாத ஒரு வகைப் பூஞ்சை இருக்கிறது. 2020ல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது: ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே. அது பெரும்பாலும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் உடம்பிலும் படர்தாமரையாக வருகிறது, காலில் குறைவு. ஆனாலும் ஒழுங்காக மருந்து போட்டும் ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் அடுத்த ட்யூப்புக்குத் தாவாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். உங்களுக்குத் தொடை இடுக்கிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலில் இருப்பது அங்கே போகும் வழி எளிது: ஜட்டி போடும்போது அது பாதத்தில் உரசிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அதனால் மருந்து போடும் காலம் முழுக்க முதலில் சாக்ஸ், பிறகு ஜட்டி. கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு வரும், வரட்டும்.

இனி ஷூ. மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தினமும் பத்து மணி நேரம் அதே ஈர ஷூவுக்குள் காலை விட்டால் திரும்ப வரத்தான் செய்யும். உதிர்ந்த செதிலில் ஒட்டியிருக்கும் பூஞ்சை ஷூவுக்குள்ளும் சாக்ஸிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுங்கள், ஒரு ராத்திரியில் சேஃப்டி ஷூ உள்ளே காயாது. ஒரு ஜோடிதான் கம்பெனியில் கொடுத்திருக்கிறார்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை வெளியே எடுத்துப்போட்டு, ஷூவுக்குள் பழைய தினசரித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். காலையில் தாளைத் தொட்டுப் பார்த்தால் எவ்வளவு ஈரம் குடித்திருக்கிறது என்று தெரியும். க்ளோட்ரிமசோல் பவுடரை ஷூவுக்குள் தூவுங்கள். காலில் க்ரீம் மேலேயே பவுடரைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து இட்லி மாவாகிவிடும்.

சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டு வேளையில் மாற்றுங்கள். ஐந்து நிமிடம் கால் காற்றாட இருந்தால் அதுவே பெரிய வைத்தியம். துவைக்கும்போது சாக்ஸை மட்டும் தனியாகக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். சாதாரணக் குளிர்ந்த தண்ணீர் சலவையில் பூஞ்சை சாகாது, 60 டிகிரி வேண்டும்.

குளித்த பிறகு விரலிடுக்கைத் துடைக்கிறவர்கள் மிகக் குறைவு. பாதத்தைக் கால்மிதியில் இரண்டு தேய் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறோம். நாளுக்கு ஐந்து வேளை ஒளு செய்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்கும் பெண்கள், மீன் கடையில் இருப்பவர்கள் இவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, எத்தனை தடவை கால் நனைகிறதோ அத்தனை தடவை இடுக்கைத் துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஊறிய தோல் தேய்த்தால் கையோடு வந்துவிடும். காலுக்குத் தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் ரொம்ப நெருக்கமாக இருந்தால், பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரவில் கடைசி இடுக்கில் மடித்துச் செருகிவிட்டுத் தூங்குங்கள். காலையில் எடுத்துப் போட்டுவிடலாம்.

வீட்டு வைத்தியம் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். சேற்றுப்புண்ணுக்கு மருதாணி இலையை அரைத்து வைப்பது நம் ஊரில் காலங்காலமாக உண்டு. அதற்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது. மருதாணியில் உள்ள நிறப்பொருள் ஆய்வகத்தில் பூஞ்சையைத் தடுக்கிறது, காயவும் வைக்கிறது. பறித்து அரைத்த இலையாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணி வேண்டாம், அதில் சேர்க்கும் தலைச்சாயப் பொருள் கொப்புளம் கிளப்பும். சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்குத் தேய்ப்பதும் அப்படித்தான், ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை, ஆனால் உள்ளங்கால் வகைக்குப் போதாது. பூண்டை நசுக்கிக் கட்டுவது, மண்ணெண்ணெய், ஆசிட் இவற்றால் வெந்து வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு பூஞ்சையை மறந்துவிட்டுத் தீப்புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். விரலிடுக்கு நசநசவென்று நீர் வடிந்தால், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ரோஜாப்பூ நிறம் வரும் அளவுக்கு மட்டும் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் கால் வைக்கலாம். அடியில் கரையாத பரல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது தோலைச் சுட்டுவிடும்.

அம்மாவைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். ஒட்டுமா என்றால், ஒட்டும். ஒரே குளியலறைத் தரை, ஒரே கால்மிதி, ஒரே நகவெட்டி, மாற்றி மாற்றிப் போடும் கழிவறைச் செருப்பு இவைதான் வழி. அவருக்கு எல்லாவற்றையும் தனியாக்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த அரிப்பு ஒரு பொருட்டே இல்லை, இடுக்கில் விழும் வெடிப்பைத்தான் பார்க்க வேண்டும். அந்த வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போனால் ஓரிரு நாளில் கால் சிவந்து வீங்கிவிடும். நரம்பு மரத்துப்போன காலில் வலியும் தெரியாது. செருப்பில் ரத்தம் பார்த்த பிறகுதான் வருவார்கள். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான். கும்பகோணம் பக்கத்திலிருந்து வரும் பழைய நோயாளிகளிடம், காய்ச்சலும் நெறியும் வந்த ஒவ்வொரு தடவையும் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால் அங்கே ஒரு வெடிப்பு இருக்கும்.

அம்மாவுக்குக் கால் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று மருத்துவமனையில் மெல்லிய நைலான் நூலால் தொட்டுப் பார்ப்பார்கள், வருடம் ஒரு முறையாவது அதைச் செய்யச் சொல்லுங்கள். வெந்நீரில் கால் வைத்துச் சூடு பார்க்க விடாதீர்கள், முழங்கையால் நீங்கள் பாருங்கள். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டர், பிளேடால் வெடிப்பைச் சீவுவது இரண்டும் அவருக்கு வேண்டவே வேண்டாம். ஈரப்பசைக் களிம்பைக் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் தடவலாம், விரலிடுக்கை மட்டும் விட்டுவிட வேண்டும்.

உங்களுக்கானாலும் அம்மாவுக்கானாலும், கால் சூடாகிச் சிவப்பு மேலே ஏறுகிறது, குளிர்காய்ச்சல் வருகிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது, இடுக்கிலிருந்து பச்சை நிறத்தில் ஏதாவது வடிகிறது என்றால் தோல் மருத்துவருக்கு டோக்கன் கிடைக்கும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே எந்த மருத்துவமனைக்காவது போங்கள். தோல் உரியும் இடத்தில் தொட்டால் உணர்ச்சியே தெரியவில்லை என்றாலும் அதைத் தவறாமல் சொல்லுங்கள், அது வேறு கணக்கு. குழந்தைகளுக்கு நாலைந்து நாள் கடுமையான காய்ச்சல் அடித்துவிட்டு விரல் நுனிகளில் தோல் உரிந்தால் அதையும் பூஞ்சை என்று நினைத்து க்ரீம் வாங்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை போட்ட ட்யூப்புகளை, தீர்ந்துபோய்ச் சுருட்டி வைத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். 'வெள்ளையா, பச்சை மூடி போட்ட ட்யூப்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அப்புறம், காலைக் காட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள், அந்த வலது கையையும் மேஜை மேல் வைத்துக் காட்டுங்கள்.